ஏறு சட்டகம் பிறந்த கதை

விளையாட்டுத் திடலில் பிள்ளை கம்பிமேல் ஏறினால், "விழுந்துவிடுவாய், இறங்கு!" என்பதே நம் வாயில் முதலில் வரும் சொல். 'ஜங்கிள் ஜிம்' எனப்படும் அந்தச் சட்டகம் ஒரு கணிதப் பாடத்திலிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன், முப்பரிமாணத்தைத் தம் பிள்ளைகள் உடலால் உணரவேண்டும் என்று மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் எண்களைக் கூறுவார். அவை சந்திக்கும் இடத்திற்குப் பிள்ளைகள் போட்டியிட்டு ஏறுவர்.

மகன் செபாஸ்டியன் அதை மறக்கவில்லை. 1920இல் அமெரிக்காவின் வின்னெட்கா நகரில், கல்வியாளர் கார்ல்டன் வாஷ்பர்னின் ஆதரவுடன், பள்ளிப் பிள்ளைகளுக்காக அதனை இரும்புக் குழாய்களால் அமைத்தார். 1923இல் காப்புரிமை கிடைத்தது. கால் தவறினாலும் பற்றிக்கொள்ள அருகிலேயே இன்னொரு கம்பி இருப்பது அதன் சிறப்பு.

இன்றைய ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம், விழக்கூடிய உயரத்தை 3 மீட்டருக்குள் வரையறுக்கிறது. அதிர்ச்சி தாங்கும் தரையையும் கேட்கிறது. ஏறுவதை அது தடுக்கவில்லை. விழுவதன் கேட்டையே குறைக்கிறது.

இனி, "இறங்கு" என்பதற்கு முன், "அடுத்து எந்தக் கம்பியைப் பிடிக்கப் போகிறாய்?" என்று கேட்போமே!