இறகுத் தலையணையும் துறைமுகத் தூசியும்

ஆஸ்துமா நோயாளியிடம் நல்ல மருத்துவர் கேட்கும் கேள்விகள் எளியவை. எங்கே இருந்தபோது மூச்சு முட்டியது? எந்த நேரத்தில்? அப்போது அருகில் என்ன இருந்தது? இந்த எளிய கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் மூன்று இடங்களை இங்கே பார்ப்போம்: ஒரு பேராயரின் படுக்கை, ஓர் எழுத்தாளரின் அறை, ஒரு நகரத்தின் துறைமுகம்.

1552-ஆம் ஆண்டு, இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான ஜிரோலமோ கார்டானோ ஸ்காட்லாந்துக்கு வரவழைக்கப்பட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன் பத்தாண்டுகளாக இளைப்பு நோயால் அவதியுற்றிருந்தார். கார்டானோ உடனே மருந்து எழுதித் தந்துவிடவில்லை. பல வாரங்கள் எடின்பரோவில் தங்கி, பேராயரின் உணவு, உறக்கம், உழைப்பு அனைத்தையும் கவனித்தார். அவர் வகுத்த நியமங்களுள் ஒன்று, இறகுப் படுக்கையை நீக்கிவிட்டுப் பட்டு நிரப்பிய படுக்கையில் உறங்கவேண்டும் என்பது. பேராயர் தேறினார்.

கார்டானோ ஒவ்வாமையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. இறகு உடலைச் சூடாக்கும் என்பது போன்ற பழைய மருத்துவக் கணக்குகளே அவருடைய காரணங்கள். ஆயினும், நோயாளி எதன்மீது தலைவைத்துப் படுக்கிறார் என்று பார்த்த கண் அவருடையது. படுக்கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தெரியவர நானூறு ஆண்டுகள் ஆயின. 1964-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணி என்று காட்டினர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. ஈரப்பதத்தில் அது பெருகும். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது இடம் பாரிஸ். மார்செல் புரூஸ்டுக்கு முதல் மூச்சுத்திணறல் 1881-இல், ஒன்பது வயதில், பூலோன் வனத்தில் உலவிவிட்டு வந்தபோது ஏற்பட்டது. அக்காலத்தில் ஆஸ்துமாவை நரம்புக் கோளாறாகக் கருதும் போக்கு வலுவாக இருந்தது. 1905-இன் இறுதியில் அவர் நரம்புநோய் விடுதி ஒன்றில் சில வாரங்கள் தங்கவும் செய்தார். ஓஸ்மான் வீதியிலிருந்த அவரது அறை இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. தெருவோசையைத் தடுக்க 1910-இல் சுவர்களில் தக்கை பதிக்கப்பட்டது; மகரந்தமும் தூசியும் புகாதபடி சன்னல்கள் அடைபட்டுக் கிடந்தன. ஆனால் அதே அறைக்குள் அவர் ஆஸ்துமாப் பொடியைக் கொளுத்திப் புகை பிடித்தார். ஊமத்தைப் புகையால் இளைப்பைத் தணிக்கும் வழக்கம் பிரிட்டனுக்கு 1802-இல் நம் சென்னையிலிருந்து ஜெனரல் ஜென்ட் என்னும் படையதிகாரி வழியாகச் சென்றது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஊமத்தையில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் பொருள் உண்டுதான். ஆனால் எந்தப் புகையும் அதே குழலை உறுத்தும் என்பதை இன்று அறிவோம். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, சிகரெட் யாவும் இவ்வகையினவே. கதவை அடைத்தால் மட்டும் போதாது. உள்ளே என்ன அடைபடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது இடத்தில் அடைப்பதற்குக் கதவே இல்லை. 1981-க்கும் 1987-க்கும் இடையே பார்சலோனா நகரில் 26 முறை, ஒரே நாளில் ஏராளமானோர் கடும் ஆஸ்துமாவுடன் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஓடிவந்தனர். சிலர் இறந்தனர். ஜோசப் மரியா அந்தோ முதலிய ஆய்வாளர்கள் எங்கே, எப்போது என்ற அதே பழைய கேள்விகளை ஒரு நகரம் முழுவதற்குமாகக் கேட்டனர். நோயாளிகள் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் திரண்டிருந்தனர். துறைமுக ஏடுகளை ஒப்பிட்டபோது, 1985-86-இல் நோய் வெடித்த 13 நாட்களிலும் கப்பல்களிலிருந்து சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தானியக் கிடங்கு ஒன்றில் வடிகட்டிப் பைகள் இல்லை. அங்கிருந்து எழுந்த தூசியைக் காற்று நகருக்குள் கொண்டுவந்தது. 1987-இல் வடிகட்டிகள் பொருத்தப்பட்டபின் அந்தக் கொள்ளைநோய் ஓய்ந்தது.

இந்த மூன்று இடங்களும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். திணறல் வந்த நாள், இடம், காற்று, அருகிலிருந்த பொருள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், நமக்கு ஆகாதது எதுவென்று தெரியத் தொடங்கும். தலையணையை நாம் மாற்றலாம், புகையை நிறுத்தலாம். மருத்துவர் தந்த மருந்தை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. ஆனால் பார்சலோனாவில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தவரையும் தூசி தேடி வந்தது. அவரிடம் கவனமாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. வடிகட்டி பொருத்தப்படவேண்டிய இடம் கிடங்கின் உச்சியில் இருந்தது. நோயாளியின் நரம்பைக் குறைசொல்லுமுன் அவர் சுவாசிக்கும் காற்றைப் பார்ப்பதே முறை.