வாடகை கொடுக்கும் நாள்

வாடகை என்றதும் தொகையைப் பற்றியே நாம் எண்ணுகிறோம். அதைச் செலுத்தும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கதையைப் பார்ப்போம்.

1865ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் பணம் தர, ஆக்டேவியா ஹில் அம்மையார் லண்டன் மேரிலிபோன் பகுதியில் ஏழைகள் குடியிருந்த மூன்று வீடுகளின் பொறுப்பை ஏற்றார். வாரந்தோறும் அவரே வாசலுக்குச் சென்று வாடகை வாங்கினார். மீந்த பணத்தில், குடியிருப்போர் விரும்பிய வசதிகளைச் செய்து கொடுத்தார். ஆயினும் பாக்கி வைத்தவரை வெளியேற்றவும் அவர் தயங்கவில்லை.

1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நகர மன்றங்கள் ஏராளமான வீடுகளைக் கட்டின. அங்கும் வாடகை வசூலிப்பவர் வாரந்தோறும் கதவைத் தட்டி, பெற்ற தொகையை வாடகைப் புத்தகத்தில் குறித்துக் கொடுத்தார். கூலி வாரக் கூலி. வாடகையும் வார வாடகை. கூலிப் பணம் கரையுமுன்னே வாடகை அடைபட்டது.

பின்னர் அலுவலகம், அஞ்சலகம், வங்கி எனச் செலுத்தும் வழிகள் பெருகின. வாசலுக்கு வருபவர் மெல்ல மறைந்தார். 2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித்தொகைத் திட்டம், வாடகைப் பங்கையும் சேர்த்து, பெரும்பாலும் மாதம் ஒருமுறை குடியிருப்பவரிடமே கொடுத்தது. முதல் தொகைக்குப் பல வாரங்கள் காத்திருந்த பலர் வாடகைப் பாக்கியில் சிக்கினர்.

வழிகள் பெருகினால் மட்டும் போதாது. பணம் வரும் நாளும் கொடுக்கும் நாளும் ஒத்திருக்க வேண்டும். இதுவே நாம் பெறும் பாடம்.