மோரே பாலமும் நம்ம பர்மா நகரும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு வரலாறு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மணிப்பூரின் எல்லையில் மோரே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இம்பாலில் இருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அங்கே ஒரு சிற்றாற்றின் மேல் இரும்புப் பாலம் ஒன்று உண்டு. இந்திய - மியான்மர் நட்புறவுப் பாலம் என்று பெயர். பாதிக்கு வெள்ளை வண்ணம், மறுபாதிக்கு மஞ்சள் வண்ணம். வண்ணம் மாறும் இடத்தில் நாடு மாறிவிடும். அக்கரையில் சற்றுத் தள்ளி மியான்மரின் தமு நகரம்.

இந்தப் பாலத்துக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் எண்ணூரில் பர்மா நகர் என்று ஏன் ஓர் இடம் இருக்கிறது? அதே கதையின் மறுமுனைதான் மோரே.

ஆங்கிலேயர் காலத்தில் தமிழர்கள் கப்பலேறி ரங்கூன் போனார்கள். செட்டியார்கள் கடை வைத்தார்கள், மற்றவர்கள் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே கிளம்பினார்கள். அவர்கள் நடந்த வழிகளில் ஒன்று தமு, பாலேல், இம்பால். பசியிலும் காலராவிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம். 1944-ல் இந்திய தேசிய ராணுவ வீரர்கள் இதே தமு பக்கமாகத்தான் இந்திய மண்ணை மிதித்தார்கள். அவர்களில் மலேயா, பர்மா தமிழர்கள் ஏராளம்.

போர் முடிந்து பலர் பர்மாவுக்குத் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்தது ஒரே நாளில் காகிதமாயிற்று. அப்படிக் கப்பலேறித் தமிழ்நாடு வந்தவர்கள் 1.4 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. நீங்கள் நின்றபடி சாப்பிடும் அத்தோவும் வாழைத்தண்டு போட்ட மொய்ங்காவும் அவர்களோடு வந்தவைதான்.

ஆனால் எல்லோராலும் இங்கே ஒட்ட முடியவில்லை. பிறந்த ஊர் பர்மா, பழகிய மொழி பர்மியம். சிலர் தரைவழியாகவே திரும்பிப் போகலாம் என்று வடகிழக்குக்குப் போனார்கள். தமுவில் பர்மா அதிகாரிகள் உள்ளே விடவில்லை. திரும்பிச் சென்னைக்கு வரவும் மனமில்லை. எல்லையிலேயே, மோரேயில் தங்கிவிட்டார்கள். கடை வைத்தார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள்.

1994-ல் இரு நாடுகளும் எல்லை வணிக ஒப்பந்தம் செய்தன; 1995 ஏப்ரலில் மோரேயில் வணிகம் முறைப்படி தொடங்கியது. தமுவிலிருந்து கலேவா வரையிலான சாலையை இந்தியா அமைத்துக் கொடுத்து 2001-ல் திறந்தது. தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்று திட்டம் போட்டார்கள். தமு - கலேவா வழியில் மட்டும் 69 பழைய பாலங்களை மாற்றிக் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த நெடுஞ்சாலை இன்னும் முழுமை பெறவில்லை. 2018 ஆகஸ்டில் மோரே - தமு வழி பாஸ்போர்ட், விசாவோடு போகும் முறையான எல்லைக் கடவாயிற்று. 2020-ல் கொரோனா, 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி, 2023 மே மாதம் மணிப்பூர் கலவரம். அந்தக் கலவரத்தில் மோரேத் தமிழர் வீடுகளும் எரிந்தன. எல்லையோர மக்கள் விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரும் ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024-ல் இந்திய அரசு அறிவித்தது.

பாலம் அப்படியேதான் நிற்கிறது. அதை இரும்பு மட்டும் தாங்குவதில்லை. இரு கரையிலும் கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் ரங்கூனிலோ, நேபிடாவிலோ, டெல்லியிலோ முடிவாகிறது. கரையில் வாழ்பவனை யாரும் கேட்பதில்லை. 1964-ல் கப்பலில் வந்தவர்களையும் யாரும் கேட்கவில்லை.

உங்களில் பலருடைய தாத்தா பாட்டி அந்தக் கப்பலில் வந்தவர்கள். அன்று பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தக் கப்பல், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிழை பற்றிக் கவலை வேண்டாம், சிவப்பு மையை எடுக்க மாட்டேன். எழுதியதைக் கீழே பதிவிடுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்