மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் – பாகூர், வில்லியனூர் ஏரிகளின் கதை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வதைவிட, வந்து உட்கார்ந்துகொண்டது என்று சொல்லலாம். பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 48 செ.மீ.க்கும் மேல். இதற்கு முன் பெரிய மழை என்று சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31இல் பெய்த சுமார் 21 செ.மீ.தான். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே நாளில்!

நகரத்து மக்கள் முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையோடு கதை முடிந்திருக்க வேண்டும். பாகூர் பக்கம் முடியவில்லை. திங்கட்கிழமை மழை விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் தென்பெண்ணை கரை மீறி சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளன்சந்தை போன்ற ஊர்களுக்குள் வந்தது. மழை பெய்தபோது தப்பித்த வீடுகூட, மழை நின்ற பிறகு மூழ்கியது.

இது எப்படி நடக்கும்? விடை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. சாத்தனூர் அணை 1950களில் கட்டப்பட்டது, கொள்ளளவு 7.3 டி.எம்.சி. டிசம்பர் 2 அதிகாலை அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் வெளியேற்றப்பட்டது. முன்னறிவிப்பு போதவில்லை என்று எதிர்க்கட்சிகளும், பலமுறை எச்சரித்தோம் என்று தமிழ்நாடு அரசும் சொல்லிக்கொண்டார்கள். அந்த வாதத்தில் யார் சொல்வது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அணை ஒரு அரசின் கையில் இருக்கிறது, தண்ணீர் நுழைந்த வீடு இன்னொரு அரசின் கணக்கில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாகூரின் நீர் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டு நிலம் கிடையாது. 293 சதுர கி.மீ. பரப்புள்ள புதுச்சேரி பகுதி பன்னிரண்டு துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். அதற்குக் கிடைத்த பலன்தான் வில்லியனூரும் பாகூரும். அந்தக் காலத்தில் கிராமம் கிராமமாகக் கொடுத்தார்கள். வருவாயை மனதில் வைத்துக் கொடுத்தார்களே தவிர, எந்த ஏரிக்கு எந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வருகிறது என்று பார்த்தா கொடுத்தார்கள்? அதனால் ஏரி பிரெஞ்சு எல்லையிலும், அதற்குத் தண்ணீர் பிரியும் அணைக்கட்டு ஆங்கிலேயர் எல்லையிலும் சிக்கின.

ஆனால் ஏரிகள் பிரெஞ்சுக்காரர்களைவிட வயதில் மிக மூத்தவை. பாகூரின் பழைமைக்குச் சான்று 1879இல் கிடைத்த பாகூர் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடையாக விடப்பட்டதை அது சொல்கிறது. ஒரு கல்லூரியை மூன்று கிராமத்து விளைச்சல் தாங்கியது என்றால் அங்கே எப்படிப்பட்ட விவசாயம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளும், இடையில் இந்தப் பகுதியைப் பிடித்த ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் (மூன்றாம் கிருஷ்ணன்) காலத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஊர்ச்சபை, அதன் ஏரி வாரியம், ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவதற்கான ஏற்பாடு என்று இவற்றில் அடிக்கடி வருவது ஏரிப் பேச்சுதான். அரசன் மாறினாலும் ஏரியில் சேரும் வண்டல் நிற்கவில்லை, அதை அள்ளும் ஏற்பாடும் நிற்கவில்லை.

ஏரி என்பது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பலரும் அதை மழைநீர் தேங்கும் பெரிய பள்ளம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் பள்ளம் தோண்டுவது அதில் சிறிய வேலை. லேசாகச் சரிந்த நிலத்தில் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை போட்டால் மேட்டுப் பக்கத்து நீர் தானாக வந்து நிற்கும். அந்தக் கரையில் மதகுகள் உண்டு, அவற்றின் வழியாக ஆயக்கட்டு நிலத்துக்குத் தண்ணீர் போகும். ஒரு ஓரத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பியதும் மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் கலங்கல் வழியாக வழிந்து, போக்கு வாய்க்காலில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் கடல்.

ஆக, இது பாசன ஏற்பாடு மட்டுமல்ல. ஒரே நாளில் ஓடி வரும் தண்ணீரைப் பல நாள் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கிற ஏற்பாடும்கூட. புதுச்சேரி பகுதியில் இப்படி 84 ஏரிகள் உண்டு. வில்லியனூர் பக்கம் உள்ள ஊசுடு ஏரி அவற்றில் மிகப் பெரியது. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. (அதிலும் எல்லைக்கோடு நடுவே ஓடுகிறது, ஏரியின் ஒரு பாதி தமிழ்நாட்டில்!) அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. அதற்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகளோடு இதை இணைத்து ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பெயர்ப் பொருத்தம் நன்றாக இருக்கிறது. தெலுங்கில் பங்காரு என்றாலும் பொன், சொர்ணம் என்றாலும் பொன். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வாய்க்காலுக்கு அது தகும்.

சொர்ணாவூர் அணைக்கட்டு பிரெஞ்சு எல்லைக்கு வெளியே இருந்ததால், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர், எத்தனை மாதம் என்று இரண்டு ஐரோப்பிய அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. வாய்க்கால் எல்லைக்குள் வந்துவிட்டால் நிர்வாகம் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கையில். பிரெஞ்சுக் காலத்தில் ‘சேந்திகா அக்ரிகோல்’ எனப்பட்ட விவசாயிகள் சங்கங்கள் இருந்தன. நிலம் வைத்திருப்பவர்கள் பணம் போட்டு ஒரு பொது நிதி வைத்திருப்பார்கள். அதிலிருந்து வாய்க்கால் வெட்டுவது, மதகு பழுது பார்ப்பது, தண்ணீர் பாய்ச்சும் ஆளுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் நடக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் குடிமராமத்து தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே அது காகிதத்தில் எழுதப்பட்ட சட்டமாக இருந்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பழைய காலத்தைப் பொற்காலமாக்கிவிடுவது வழக்கம். அது சரியில்லை. சங்கத்தில் பேச்சு நிலம் உள்ளவருக்குத்தான். சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டியவர்களும், ராத்திரியில் மடையைக் காத்தவர்களும் பெரும்பாலும் சேரிக்காரர்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கைவிரலில் கணக்கு வைத்திருந்தவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்திருக்காது. ஏரி நன்றாக இருந்தது என்பதும் உண்மை, யாருடைய உழைப்பில் நன்றாக இருந்தது என்பதும் உண்மை.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. சங்கங்கள் மங்கின. ஆனால் ஏரியை நிஜமாகவே கைவிட வைத்தது நிர்வாக மாற்றத்தைவிட ஆழ்துளைக் கிணறுதான் என்று தோன்றுகிறது.

பாகூர் மண்ணுக்கு அடியில் ஒரு விசேஷம் உண்டு. துளை போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இப்படிப்பட்ட ஊற்றுக் கிணறுகள் இங்கே போடப்பட்டன. 1884இல் பாகூரில் அப்படித் துளையிட்டபோது தண்ணீருக்குப் பதிலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. பின்னாளில் நெய்வேலியில் சுரங்கம் வர அந்தத் தேடலும் ஒரு தொடக்கம்! பசுமைப் புரட்சிக் காலத்தில் மின்சார மோட்டார் வந்தது, மின்கட்டணமும் சுமையாக இல்லை. வசதி உள்ள விவசாயி தன் வயலிலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார். அவருக்கு இனி ஏரி மதகு திறக்கும் தேதி தேவையில்லை. தேவையில்லாத ஏரிக்கு ஏன் பணம் போட வேண்டும்? வாய்க்காலில் ஆகாயத்தாமரை படர்ந்தது, கரையோரம் ஆக்கிரமிப்பு வந்தது, போக்கு வாய்க்கால் சில இடங்களில் வீட்டு மனை ஆனது. தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றன. மோட்டார் ஆழமாகப் போகப் போக, கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது எல்லா ஏரித் திட்டங்களிலும் வருகிற வேலைதான். இதில் புதிய விஷயம், ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்கள் அமைத்ததும், அவற்றில் நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சேர்த்ததும். பழைய சங்கத்தில் வாசலில் நின்றவர்கள் இதில் உறுப்பினர் ஆனார்கள். ஏரி மரம், மீன், வண்டல் இவற்றில் கிடைக்கும் வருமானத்தில் சங்கம் ஓட வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் திட்டக் காலமும் நிதியும் முடிந்த பிறகு பல சங்கங்கள் பெயரளவுக்கு ஆகிவிட்டன. மதகுச் சாவி கடைசி வரை துறையிடமே இருந்தது. சாவி இல்லாத சங்கத்துக்கு எத்தனை கூட்டத்துக்குத்தான் ஆள் வருவார்கள்?

மறுபடி 2024க்கு வருவோம். ஏரிகள் எல்லாம் நன்றாக இருந்திருந்தால் இந்த வெள்ளம் வந்திருக்காது என்று அந்த வாரத்தில் பலர் சொன்னார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஊசுடு ஏரியின் கொள்ளளவு சுமார் 540 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,68,000 கன அடி வீதம் வரும் தண்ணீரை அதில் விட்டால், காலி ஏரி ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதைவிடச் சிறிய பாகூர் ஏரி எம்மாத்திரம்? தென்பெண்ணையின் அந்த வெள்ளத்தைத் தடுக்க எந்த ஏரியாலும் முடியாது. அதற்கு அணையை எப்போது, எவ்வளவு திறப்பது, திறக்கும் முன் எல்லைக்கு இந்தப் பக்கம் யாருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வது என்ற ஏற்பாடுதான் வேண்டும்.

ஆனால் முந்தைய நாள் மழை வேறு கணக்கு. 48 செ.மீ. மழை பகுதி முழுவதும் அப்படியே பெய்ததாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 5 டி.எம்.சி. வருகிறது. சாத்தனூர் அணையில் மூன்றில் இரண்டு பங்கு! இவ்வளவையும் ஏரிகள் பிடித்து வைக்காது. ஆனால் வாய்க்கால் திறந்திருந்தால் அது வடியும். வெள்ளம் வருவதும் வடியாமல் நிற்பதும் இரண்டு தனிப் பிரச்சினைகள். நெற்பயிர் ஓரிரு நாள் தண்ணீரில் நின்றால் பிழைத்துக்கொள்ளும், ஒரு வாரம் நின்றால் அழுகும். ஆறு கரை மீறுவதை ஒரு கொம்யூன் பஞ்சாயத்தால் நிறுத்த முடியாது. வயலில் நிற்கும் தண்ணீர் வடிவதற்கு ஒரு வாரம் ஆகுமா, இரண்டு நாள் ஆகுமா என்பது மட்டும் உள்ளூர் கையில் இருக்கிறது. வில்லியனூரிலும் இதே நிலைதான். சங்கராபரணியில் வீடூர் அணைத் தண்ணீர் வருவதை அங்கே யாரும் தடுக்க முடியாது, ஆனால் ஆற்றில் சேரும் ஊர் வாய்க்கால்களைத் திறந்து வைக்கலாம்.

புயலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைகளுக்கும் தலா ரூ.5,000 அறிவித்தது. பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.30,000. அரிசி, பாய், பாத்திரம் எல்லாம் போன குடும்பத்துக்கு அந்த 5,000 ரூபாய் பெரிய உதவி, அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிவாரணப் பட்டியலில் எப்போதும் வீடு இருக்கும், பயிர் இருக்கும், மாடு இருக்கும். எந்த வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்து நின்றது என்ற பட்டியலை யாரும் எடுப்பதில்லை. தண்ணீர் நிற்கும்போதுதான் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பொங்கலுக்குள் வயல் காய்ந்துவிடும், அதன் மேல் புல்லும் முளைத்துவிடும்.

குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். நிலப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்கும், விதைநெல்லும் உரமும் இவருடைய கடனில் வாங்கியதாக இருக்கும். பழைய சங்கத்தில் நிலம் இல்லாதவருக்குப் பேச்சு இல்லை. இன்றைய நிவாரணக் கணக்கிலும் ஹெக்டேர் என்பது பத்திரத்தில் உள்ள ஹெக்டேர்தான்.

தென்பெண்ணை 2021 நவம்பரிலும் இப்படித்தான் கரை மீறியது. மூன்று ஆண்டு இடைவெளி. 2024 வெள்ளம் வடிந்தபோது ஆற்றோர வயல்களில் மணல் படிந்து கிடந்தது. ஏரியில் வண்டல் படிந்தால் அள்ளி வயலில் போடுவார்கள். வயலில் படிந்த ஆற்று மணலை அள்ளி எங்கே போடுவது என்று அடுத்த பருவ நடவுக்கு முன்பே அங்குள்ள விவசாயிகள் கேட்கத் தொடங்கினார்கள்.