ஒரே மருந்து, இரு தீர்ப்பு: மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்திய நுரையீரல் நோயின் ஆய்வு வரலாறு

மூச்சை நிறைய இழுத்து, குழாயைப் பல்லிடுக்கில் வைத்து, உதட்டை இறுக மூடி ஒரே மூச்சில் பலமாக ஊதவேண்டும். முதல் விநாடியில் எத்தனை லீற்றர் காற்று வெளியேறியது என்பதை ஸ்பைரோமீற்றர் காட்டும். நுரையீரல் மாற்றிக்கொண்டவருக்கு அந்த அளவு, முன்பு எட்டிய உச்சத்திலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கி, வேறு காரணமின்றி நீடித்தால் ‘பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிடரன்ஸ்’ நோயைச் சந்தேகிப்பார்கள்.

நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபடுவதே இந்நோய். கிழக்கிலங்கையில் ‘முட்டு’ என்று சொல்லும் இளைப்பு போலத் தோன்றினாலும், வழக்கமான முட்டு மருந்துக்கு இது எளிதில் இளகாது. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் இந்நோய் இரு வழிகளில் வரலாம். நுரையீரல் மாற்றில், நோயாளியின் எதிர்ப்பாற்றல் வந்த உறுப்பைத் தாக்குகிறது. எலும்பு மச்சை மாற்றில், கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் நுரையீரலைத் தாக்குகின்றன.

1963இல் ஜேம்ஸ் ஹார்டி அமெரிக்காவின் மிசிசிப்பியில் முதன்முதலாக மனித நுரையீரலை மாற்றினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் புரூஸ் ரைட்ஸ் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றியபோது நோயாளி ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தார். அப்படி நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம்தான் இந்த அடைப்பு வெளிப்பட்டது. 1984இல் ஸ்டான்ஃபோர்டு குழு அதைப் பதிவு செய்தது.

தமிழ்நாட்டிலும் இவ்விரு சிகிச்சைகளும் வேரூன்றின. வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் மச்சை மாற்று தொடங்கியது. 1999இல் சென்னையில் டாக்டர் கே. எம். செரியன் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றினார்.

மருந்துத் தேடலில் திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. நுண்குழாய்களைத் தாக்கும் வேறொரு நோய்க்கு எரித்ரோமைசின் அங்கு பெரும் பலன் தந்திருந்தது. அதன் இனத்து அசித்ரோமைசினை, 2003இல் வெளியான சிறு ஆய்வொன்று நுரையீரல் மாற்றிய 6 பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. 5 பேருக்கு மூச்சளவு உயர்ந்தது. 2011இல் பெல்ஜியத்தின் லூவன் குழு 83 பேரிடம் அதைத் தடுப்பு மருந்தாகச் சோதித்தது. இரண்டு ஆண்டில், மருந்து பெற்றவர்களில் 12.5 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 44 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது.

அதே நம்பிக்கையோடு பிரான்ஸில் மச்சை மாற்றிய 480 பேரிடம் ‘அலோசித்ரோ’ சோதனை நடந்தது. அது இடையில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதத்தினருக்கு இரத்தப் புற்றுநோய் திரும்பியது. போலி மாத்திரை பெற்றவர்களில் அது 20.8 சதவீதம். 2017இல் முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டே அமெரிக்க மருந்து நிர்வாகம், மச்சை மாற்றியவர்களுக்கு அசித்ரோமைசினை நீண்டகாலத் தடுப்பாகக் கொடுக்க வேண்டாமென எச்சரித்தது. 2021இல், கொடையாளியின் அணுக்கள் நோயாளியைத் தாக்கும் நாட்பட்ட எதிர்விளைவுக்கு பெலுமோசுடில், ருக்ஸோலிட்டினிப் ஆகிய மருந்துகளை அதே நிர்வாகம் அனுமதித்தது.

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கொழும்புக்குத் தரைவழி ஏறத்தாழ 260 கி.மீ. மாற்றுச் சிகிச்சை முடித்து, பெரிய மருத்துவமனையிலிருந்து இவ்வளவு தொலைவில் வாழ்பவருக்கு, வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் கையடக்க ஸ்பைரோமீற்றர் பெருந்துணை. ஒவ்வொரு முறையும் வரும் எண்ணைக் கொப்பியில் குறித்து வைத்தால், படியேறும்போது மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த இறக்கம் கண்ணில் படும். மச்சை மாற்றியவர் பாமசியில் அசித்ரோமைசின் வாங்குமுன், சிகிச்சை தந்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.