பாய் விரிக்க ஓர் இடம்

சொகுசுக் கப்பலுக்குச் சீட்டு எடுக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அறைக்குச் சன்னல் உண்டா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? வாந்தி வராமலிருக்க என்ன செய்வது? எத்தனை பெட்டி கொண்டுபோகலாம்? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் புறப்பட்டபோது, இவையெல்லாம் தமிழில் முதன்முறையாகக் கேட்கப்படுவன போன்ற தோற்றம் இருந்தது. உண்மையில் இவை நம் பாட்டனார் காலத்துக் கேள்விகள். கடலே இல்லாத மதுரைச் சமவெளியிலும் இவற்றுக்கு அனுபவத்தால் விடை சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

வண்டியூரில் தண்ணீர் என்றால் வைகை, கண்மாய், தெப்பக்குளம் இவைதாம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டுவித்த அக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. தை மாதத்துத் தெப்பத் திருநாளில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். தெப்பத்தைக் கரையிலிருந்து வடம்பிடித்து இழுப்பவர்கள் மக்கள். குளம் வறண்ட ஆண்டுகளில் அது நிலைத்தெப்பமாக நின்றுவிடும். மிதக்கும் பொருளோடு இவ்வூருக்கு இருந்த நேர்ப்பழக்கம் இவ்வளவே. ஆயினும் மதுரைப் பேச்சில் மானம் கப்பலேறுகிறது. கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று கேட்கிறார்கள். இந்த வழக்குகள் எவ்வளவு பழையவையோ, ஆனால் அவை வெறும் வழக்காக நின்றுவிடாமல் வீட்டுக் கவலையாக மாறியது பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் புலம்பெயர்வால்தான் என்பது என் எண்ணம்.

மதுரைக்குக் கப்பலில் பங்கும் இருந்தது. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை வ.உ.சி.யின் பெயரோடுதான் நாம் நினைவுகூர்கிறோம், அது சரியே. ஆனால் அதன் தலைவராக இருந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரை. ஏடு தேடிப் பதிப்பித்த கையும் கப்பலுக்குப் பங்கு சேர்த்த கையும் ஒன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் ஓடின. எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாக ஏற்றிச் சென்று கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பது பலரும் அறிந்த செய்தி. கப்பல் பயணி ஒருவர் சலுகைகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் நிலை தமிழகத்தில் அன்றே இருந்தது. அது நீடிக்கவில்லை. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், சில ஆண்டுகளில் கம்பெனி கலைக்கப்பட்டது.

மதுரைப் பகுதியிலிருந்து கடல் கடக்க மூன்று வாசல்கள். 1876இல் ரயில் எட்டிய தூத்துக்குடி ஒன்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி இன்னொன்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரம்தான். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிகளோ அதற்குமுன் மண்டபம் முகாமில் அம்மைத் தடுப்பும் சோதனையும் முடித்துச் சில நாள் காத்திருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயல் அந்த வாசலின் ரயிலடியையே கொண்டுபோயிற்று. மூன்றாவது, மலாயாவுக்கான நாகப்பட்டினம். கப்பலில் ‘வாழ்வது’ என்ற பேச்சுக்கு இடமளித்தது இதுவே. பினாங்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம்.

அவ்வழியில் ஓடிய கப்பல்களுள் மிகப் பெயர்பெற்றது ‘ரஜூலா’. 1926இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. சுமார் 8,500 டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். முதல் இரு வகுப்புகளில் சிலருக்கு அறை. மற்றவர்கள் தளப் பயணிகள். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. (பின்னாளில் இந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள்.) வண்டியூர் போன்றதோர் ஊரையே ஏற்றி இறக்கக்கூடிய கப்பல்.

எங்கே படுப்பது? இதுதான் முதற்கேள்வி. விடை, எங்கே முதலில் பாய் விரிக்கிறோமோ அங்கே. நாகையில் கப்பல் கரையோரம் வராது. ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகில் ஏற்றிக் கப்பலண்டை கொண்டுபோய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற்ற வேண்டும். குழந்தையும் டிரங்குப் பெட்டியுமாக ஏறுகிறவர், ஏற்கெனவே சென்னையில் ஏறியவர்கள் விட்டுவைத்த இடத்தைத்தான் பிடிக்கலாம். காற்று வரும் பக்கம், ஏணியடி அல்லாத பக்கம், கழிப்பறைக்கு அருகில் அல்லாத பக்கம் என்பவை பலமுறை போய்வந்தவர்கள் அறிந்த நுட்பங்கள். கடலின் முதல் பாடம் படகிலேயே தொடங்கிவிடும். புளிப்பும் காரமும் வாந்தியை அடக்கும் என்ற நம்பிக்கையில் எலுமிச்சையும் ஊறுகாயும் மூட்டையில் இருக்கும். ஆனால் அடித்தளத்தில் நாகை வெங்காய மூட்டைகளின் நெடியோடு படுத்திருப்பவனுக்கு எந்த ஊறுகாய் உதவும்?

இடம் பற்றிய கேள்விக்கு அரசிடமும் ஒரு விடை இருந்தது. சுதேசப் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கான 1887ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுக்கு இத்தனை அடி என்று தளத்தை அளந்து கொடுத்தது. ஒரு வயது நிறையாத குழந்தை கணக்கில் இல்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு பயணி. பதினொரு வயதுப் பிள்ளைகள் இருவரோடு போகும் தாய்க்குச் சட்டப்படி இரண்டு ஆள் இடம். அதில் மூவரும் எப்படிப் புரண்டு படுத்தார்கள் என்பதை எந்தச் சட்டமும் எழுதி வைக்காது.

இலக்கியமும் அதிகம் எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றினார், அழகாக எழுதினார். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணமே 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில்தான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அவரைப் போன்ற விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால், எழுதியவர்கள் அறை வகுப்பினர். தளத்தில் கிடந்தவர்கள் எழுதவில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தோட்டத்தின் கொடுமையைச் சொல்கிறது. நான் பேசுவது இடைப்பட்ட அந்த வாரத்தை, ஊரானாகவும் இல்லாமல் கூலியாகவும் ஆகாமல் ஒருவன் கடலின்மேல் கழித்த நாட்களை.

அந்தக் கடலை எழுதிய ஒருவர் மதுரையில்தான் இருந்தார். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, மதுரையில் படித்து, 1938இல் சுமத்ராவின் மேடானுக்குப் போன ப. சிங்காரம், போருக்குப் பின் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலைபார்த்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் நெடுங்காலம் தனியே வாழ்ந்து 1997இல் மறைந்தார். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யில் நடுக்கடல் ஆட்டத்துக்கும் மதுரைத் தெருக்களின் நினைவுக்கும் இடையே தூரமே இல்லை. அவர் உயிரோடிருந்தபோது, கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

அதே தடத்தில் ஓடிய ‘ரோனா’வின் கதை வேறு வகை. அதுவும் 1926இல் கட்டியது, அதுவும் தமிழர்களைச் சுமந்தது. போரில் படைகளை ஏற்றப் பிடித்தார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானியக் குண்டு தாக்கி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். கூடவே மடிந்த கப்பல் ஊழியர்களில் இந்திய லஸ்கர்கள் பலர். அமெரிக்கர்கள் அந்தக் கப்பலை இன்றும் நினைக்கிறார்கள். நாகையில் அதில் ஏறியவர்களின் பேரர்களுக்கு அப்பெயரே தெரியாது.

‘ரஜூலா’ போரில் பிழைத்து மீண்டும் பழைய தடத்துக்கு வந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, விரைவிலேயே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’, 1966இல் பிரான்சின் டன்கிர்க்கில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. அதில் பாய்க்குப் பதில் அடுக்குப் படுக்கை. 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல பயணிகள் இறந்தார்கள். அத்தோடு தமிழகத்துக்கும் மலேசியாவுக்குமான வழக்கமான பயணிகள் கப்பல் நின்றுபோனது. விமானக் கட்டணமும் அதற்குள் எட்டக்கூடியதாக ஆகியிருந்தது.

1984இல் இருபது வயதில் அக்கப்பலில் போனவருக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. கீழ்ப்படுக்கை யாருக்குக் கிடைத்தது, சாப்பாட்டு வரிசையில் சாதி பார்த்தார்களா, பெண்கள் குளிக்க எந்நேரம் ஒதுக்கினார்கள், இரவில் யார் பாடினார்கள், பினாங்கின் விளக்குகள் தெரிந்தபோது முதலில் எழுந்தது யார் என்றெல்லாம் கேட்க, வண்டியூர்ப் பக்கத்திலேயே இன்னும் ஆள் இருக்கக்கூடும்.