மார்ட்டின் ரிங்கார்ட்டும் திருச்சபையின் நன்றியறிதலும்

கிறிஸ்தவர் கடவுளுக்கு நன்றி செலுத்தவேண்டிய காரணங்கள் யாவை என்று வினவினால், நம் சபையாரில் பலர் தாம் பெற்ற நன்மைகளை வரிசைப்படுத்துவர். சுகம், மழை, விளைச்சல், பிள்ளைகளின் தேர்ச்சி, விபத்தினின்று தப்பியமை ஆகியவை ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளின்மேல் எழுதப்பட்டு வருவதைப் போதகர் யாவரும் அறிவர். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் இவையனைத்தும் எடுபட்டுப்போன ஒரு வீட்டில் நன்றிக்குக் காரணம் ஏதேனும் எஞ்சி நிற்குமா? அடக்க ஆராதனை நடத்தும் ஒவ்வொரு போதகரும் இவ்வினாவைச் சந்திக்கிறார். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தின் வரலாறு இதற்கு விடைகாண நமக்குத் துணைபுரியும்.

எய்லன்பர்க் நகரமும் அதன் போதகரும்

சாக்சனி நாட்டில் லைப்சிக் நகரை அடுத்து, முல்டே நதிக்கரையில் எய்லன்பர்க் அமைந்துள்ளது. அவ்வூரில் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1586-ஆம் ஆண்டு பிறந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். லைப்சிக்கில் புனித தோமா பள்ளியில் பாடகர் குழு மாணவராகப் பயின்று, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். லுத்தர் பிறந்த ஊராகிய எய்ஸ்லேபனில் பாடகராகவும் பின்னர் திருப்பணியாளராகவும் ஊழியம் செய்து, 1617-இல் தம் சொந்த ஊருக்கே போதகராகத் திரும்பினார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய ஊழியத்தின் ஏறக்குறைய முழுக்காலமும் அப்போரின் நிழலில் கழிந்தது.

எய்லன்பர்க் மதில் சூழ்ந்த நகரம். ஆகவே சுற்றுப்புறக் கிராமத்தார் படைகளுக்கு அஞ்சி அதனுள் திரண்டனர். நெருக்கடியால் பஞ்சமும் கொள்ளைநோயும் பெருகின. 1637-இல் கொள்ளைநோய் உச்சத்தை எட்டியது. நகரின் தலைமைப் போதகர் ஊரைவிட்டு அகன்று, திரும்பி வர மறுத்தார். உள்ளூர்ப் போதகர் இருவரையும், அடைக்கலம் தேடி வந்திருந்த கிராமப் போதகர் இருவரையும் ரிங்கார்ட் ஒரே நாளில் அடக்கம் செய்ய நேர்ந்தது. அதன்பின் சிறிது காலம் நகரில் எஞ்சிய போதகர் அவர் ஒருவரே. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பேரை அவர் அடக்கம் செய்தார் என்றும், அவ்வாறு அவர் ஜெபித்து அடக்கம் செய்தவர்கள் ஏறத்தாழ 4,480 பேர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மாண்டவர் தொகை ஏறக்குறைய 8,000 எனப்படுகிறது. அவ்வாண்டு மே மாதத்தில் இறந்த அவருடைய மனைவியும் இத்தொகையில் அடங்குவார்.

கொள்ளைநோயைத் தொடர்ந்து கொடும்பஞ்சம் வந்தது. தம் குடும்பத்துக்கு இன்றியமையாத உணவை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ரிங்கார்ட் வாசலில் கூடியவர்களுக்குப் பங்கிட்டார். 1639-இல் சுவீடன் நாட்டுப் படைத்தலைவர் ஒருவர் நகரத்தார்மேல் 30,000 தாலர் தண்டம் விதித்தபோது, அவரிடம் நேரில் சென்று மன்றாடினார். மன்றாட்டு பலிக்காதபோது மக்களைக் கூட்டி முழங்காற்படியிட்டு ஜெபித்தார். முடிவில் 2,000 புளோரின் பெற்றுக்கொள்ளப் படைத்தலைவர் இசைந்தார். இத்தனைக்கும் நகரத்தாரிடமிருந்து ரிங்கார்ட் பெற்ற நன்றி சொற்பமே. 1648-இல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

ஞானப்பாட்டு பிறந்த காலம்

‘நுன் டாங்கெட் அல்லே கோட்’ என்னும் உலகறிந்த நன்றிப் பாட்டை இயற்றியவர் இந்த ரிங்கார்ட்டே. காத்தரின் விங்க்வொர்த் அம்மையாரின் 1858-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பால் அது ஆங்கிலச் சபைகளிலும் பரவியது. பிரசங்கங்களில் இப்பாட்டின் தோற்றம் இருவிதமாகக் கூறப்படுவதுண்டு. கொள்ளைநோயின் நடுவே, மனைவியை இழந்த துயரில் அவர் இதை எழுதினார் என்பர் சிலர். போர் ஓய்ந்த மகிழ்ச்சியில் எழுதினார் என்பர் வேறு சிலர்.

இவற்றுள் இரண்டாவது கூற்று நிலைபெறாது. யோகான் குரூகர் 1647-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் இப்பாட்டு அச்சாகிவிட்டது; சமாதானமோ அடுத்த ஆண்டில்தான் வந்தது. முதற்கூற்றுக்கும் ஆதாரம் வலுவற்றதே. ரிங்கார்ட் 1636-இல் வெளியிட்ட ஜெபநூலிலேயே இப்பாட்டு இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நூலின் 1663-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்குத் தரப்பட்டுள்ள தலைப்போ ‘உணவுவேளைச் சிறு ஜெபம்’ என்னும் பொருளுடையது. எனவே இது பெரும்பாலும் 1637-க்கு முன்னரே, குடும்பத்தார் உணவுண்ட பின் சொல்லுவதற்காக எழுதப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

இம்முடிவினால் ரிங்கார்ட்டின் பெருமை குறைவதாகச் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. துயரத்தின் உச்சியில் ஒருவர் நன்றிப்பாட்டு இயற்றினார் எனில், அது அபூர்வமான ஒரு வீரச்செயல்; அதை வியக்கலாமேயன்றி எல்லாரிடமும் எதிர்பார்த்தல் இயலாது. அப்பமும் கூழும் வைத்த மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நாள்தோறும் கற்ற ஜெபமோ எந்த வீட்டுக்கும் எட்டக்கூடியது.

நன்றியின் அடிப்படை

இம்மேசை ஜெபத்துக்குப் பின்னணியில் லுத்தரின் 1529-ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசம் உள்ளது. உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபங்களைக் குடும்பத்தலைவர் வீட்டாருக்குக் கற்பிக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் முதற்பகுதியை விளக்குமிடத்தில், உடல், உயிர், உணவு, உடை, வீடு அனைத்தையும் எண்ணி, இவை யாவும் நம் தகுதியினிமித்தம் அன்றித் தந்தையின் சுத்த இரக்கத்தினாலேயே அருளப்படுகின்றன என்று போதிக்கிறது. கொடைகள் பல, நன்றிக்குரிய காரணமோ ஒன்றே. அது கொடுப்பவரின் தகுதி நோக்காத அன்பு. கொடை குன்றினாலும் அக்காரணம் குன்றுவதில்லை.

பாட்டின் வேதமூலம் சீராக்கின் புத்தகம் 50:22–24. இந்நூலை நாம் தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றாகக் கொள்கிறோம்; வேதத்துக்குச் சமமாக இல்லாவிடினும் வாசிப்பதற்கு நன்மையான நூல்கள் என்று லுத்தர் அவற்றைத் தம் வேதாகமத்தில் சேர்த்தார். அப்பகுதி, பிரதான ஆசாரியனாகிய சீமோன் மக்களை ஆசீர்வதித்த தேவாலய ஆராதனையை விவரித்தபின் வரும் அழைப்பாகும். ரிங்கார்ட் ஆலயத்தின் மொழியை எடுத்து வீட்டு மேசைக்குக் கொணர்ந்தார்.

பாட்டின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. முதற்சரணம் குழந்தைப்பருவம் முதல் காத்துவந்த கடவுளுக்கு நன்றி கூறுகிறது. இரண்டாம் சரணம் மன்றாட்டு. மகிழ்ச்சியும் சமாதானமும் அருளவும், துன்பத்தினின்று விடுவிக்கவும் அது வேண்டுகிறது. மூன்றாவது திரித்துவக் கடவுளைப் போற்றுகிறது. நன்றியும் மன்றாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதனால் விளங்கும். நன்றி செலுத்தியவர் வாய்மூடித் துன்பத்தைச் சகிக்கவேண்டும் என்னும் உபதேசத்துக்கு இங்கு இடமில்லை. ரிங்கார்ட்டின் வாழ்க்கையும் அவ்வாறே இருந்தது. அவர் படைத்தலைவரிடம் வாதாடினார். பசித்தோர்க்குத் தம் உணவைக் கொடுத்தார்.

பிற்காலத்தார் கையாண்ட விதம்

1757-இல் லாய்த்தன் போர்க்களத்தில் ஆஸ்திரியரை வென்ற பிரஷ்யப் படையினர் இப்பாட்டைப் பாடினர். 1914 ஆகஸ்டு முதல் நாள் போர் ஆயத்தம் அறிவிக்கப்பட்டபோது, பெர்லின் அரண்மனை முன் கூடிய திரளான மக்களும் இதையே பாடினர். பாட்டின் தொடக்கம் எல்லாரையும் நன்றிக்கு அழைக்கிறது. அவர்களோ ‘எல்லாரும்’ என்பதைத் தம் நாட்டார் மட்டும் என்று பொருள்கொண்டனர். ஏற்கெனவே ஒருவன் தன்னைப் பிறரைப்போல் அல்லாதவனாகக் கண்டு நன்றி கூறியதை ஆண்டவர் உவமையாகச் சொல்லியிருக்கிறார் (லூக்கா 18:11). 1955-இல் சோவியத் நாட்டுச் சிறைமுகாம்களினின்று மீண்டவர்கள் ஃபிரீட்லாந்து முகாமில் இதே பாட்டைப் பாடினர். இவர்களிடம் வெற்றி இல்லை; இழந்த ஆண்டுகளே இருந்தன. இவர்கள் பாடியபோது பாட்டு தன் இயல்பான இடத்தை மீண்டும் அடைந்தது எனலாம்.

போதகப் பணிக்கு

இவ்வரலாற்றினின்று நாம் மூன்று காரியங்களைக் கொள்ளலாம். முதலாவது, துக்க வீட்டாரிடம் நன்றியைக் கட்டளையாகச் சுமத்தலாகாது. ரிங்கார்ட் 1637-இல் செய்த தலையாய பணி அடக்கம் செய்தலும் உணவு பகிர்தலுமே. இரண்டாவது, பிறருக்கு நேராத நன்மை எனக்கு நேர்ந்தது என்னும் எண்ணத்தின்மேல் நம் ஸ்தோத்திர ஆராதனைகளைக் கட்டலாகாது. அப்படிக் கட்டினால், தேர்வில் தவறிய பிள்ளையின் தாய் அங்கு உட்காரவும் கூசுவாள். மூன்றாவது, நன்றியறிதல் ஆபத்து வருமுன்னரே கற்கவேண்டிய பாடம். அதற்குரிய பள்ளி வீட்டு ஜெபமும் ஞானோபதேச வகுப்பும் கர்த்தருடைய பந்தியும் ஆகும். நம் ஆண்டவர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலே, அதை அறிந்தவராகவே, அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். தம் பிள்ளைகளுக்காக எழுதிய சிறு ஜெபத்தில் ரிங்கார்ட் பற்றிக்கொண்டதும், நம் சபையாருக்கு நாம் கற்பிக்கவேண்டியதும் அந்த நன்றியே.